மூன்று மணிக்கு இருட்டும் ஊர்

பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் தாண்டிப் போனவர் என்ற பெயர் சீதளநாத நயினாருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. சுவீடன் தேசத்தில் படிக்கிற மகன் வருகிறான் என்று மாலையும் கையுமாகத் திண்டிவனம் பஸ்ஸுக்கு எதிரே போய் நின்றார். இறங்கியவர்களை எல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு, நம்ம பிள்ளை வரவில்லையே என்று கண்டக்டரிடம் விசாரித்தார். முதுகுக்குப் பின்னாலிருந்து "நைனா" என்று ஒரு குரல் கேட்டது. குரல் மட்டும்தான் குணபாலனுடையது. மற்றதெல்லாம் கம்பளிக் கோட்டுக்குள் மாட்டி வைத்த எலும்பு.

அன்றிலிருந்து ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அவருடைய வேர்க்கடலை மண்டிக்கு வருகிறவர்கள், காச நோயாக இருக்கும் என்றார்கள். நயினார் தம் மனதுக்குள், எவளோ ஒரு வெள்ளைக்காரி என்று முடிவு கட்டினார். திண்டிவனத்து டாக்டர் மார்பைத் தட்டிப் பார்த்து, படம் எடுத்துப் பார்த்து, "ஒரு நோயும் இல்லை, சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்" என்று அனுப்பிவிட்டார்.

தாய் தர்மவதிக்கு அது போதுமாக இருந்தது. அந்த ஊரில் உருளைக்கிழங்குதான் சோறு என்று அவன் முன்பே எழுதியிருந்தான். மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கைச் சமண வீட்டுப் பிள்ளை தொடுவானா? தொடமாட்டான். அதனால் இளைத்துவிட்டான். இனி நான் போட்டுத் தேற்றிவிடுகிறேன். அவளுடைய கணக்கு இவ்வளவு எளிமையாக இருந்தது.

அவன் படித்த படிப்புதான் ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. சுவீடன், டென்மார்க், நார்வே என்று மூன்று தேசங்கள். மூன்று தேசத்து மொழிகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்த மொழிகளையும் அவற்றைப் பேசுகிறவர்களின் பழைய கதைகளையும் வழக்கங்களையும் அவர்கள் பாறையில் வெட்டி வைத்த எழுத்துகளையும் உப்சாலா என்ற ஊரின் பல்கலைக்கழகத்தில் படித்தான். கல்லில் இருக்கிற எழுத்தைப் படிக்கவா அவ்வளவு தூரம், செஞ்சியில் இல்லாத கல்லா என்று மண்டியில் ஒருவர் கேட்டதற்கு நயினாரால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் குணபாலனிடம் இருந்தது. சின்ன வயதில் கால் முறிந்து மிஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டென்மார்க்குக்கார நர்ஸ் ஒருத்தி அவனுக்குத் தன் ஊர்ப் படப் புத்தகத்தைக் காட்டினாள். அதில் பனிக்கு நடுவே ஒரு கல் நின்றது, உடம்பெல்லாம் எழுத்தாக. எங்கள் திருநாதர் குன்றிலும் இப்படி ஒன்று இருக்கிறது, உண்ணா நோன்பிருந்து உயிர் விட்ட முனிவர் ஒருவருக்காக வெட்டியது என்று அவன் சொன்னான். இரண்டு கல்லுக்கும் நடுவில் இருந்த கடலை அவன் அன்றைக்கே தாண்டிவிட்டான். உபகாரச் சம்பளம் கிடைத்து விமானம் ஏறியது வெகு நாள் கழித்து நடந்தது.

இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. வருகிறாயா இல்லையா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். பதில் தந்தி போய்ச் சேர இன்றுதான் கடைசி நாள். வரமாட்டான் என்றால் அந்த இடம் வேறு ஒரு மாணவனுக்குப் போய்விடும்.

குணபாலன் எதையும் சொல்லவில்லை. வீட்டிலும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவானோ என்ற பயத்தில், எல்லோரும் காய்கறி விலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் சமையலறை ஓரத்தில் உட்கார்ந்து அவன் இட்லி தின்றான். தங்கை சந்தனா, பத்தாவது படிக்கிறவள், எதிரே புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனைக் கிளறினாள். அந்த ஊரில் வாத்தியாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று கேட்டாள்.

பேராசிரியரிடம் 'நீங்கள்' என்று பேசுவது மரியாதை இல்லை என்றான் அவன். அவர் முகத்துக்கு நேரே நின்று, 'பேராசிரியர் காப்பி குடிக்கிறாரா' என்று, வேறு யாரையோ பற்றிக் கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். இப்போதுதான் பையன்கள் அதை விட்டுக்கொண்டு வருகிறார்கள்.

"இது இன்னா பெரிய அதிசயம்? நம்ம அம்மா பேசற பாஷைதான் அது" என்றாள் சந்தனா. "நைனா எதுக்கால நிக்கும். 'மண்டிக்குப் போறவங்க சாப்டாங்களா'ன்னு அம்மா தூணப் பாத்துக் கேக்கும். அம்மாவுக்கும் உப்சாலாவுல ஒரு வேல போட்டுக் குடுத்துடு."

குணபாலன் சிரித்தான். வந்த நாளாக அவன் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சிரித்த வாக்கிலேயே மேலே பேசினான். போன செப்டம்பரில் அந்தத் தேசமே ஒரே நாளில் இடப்பக்கம் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு வலப்பக்கத்துக்கு மாறியதைச் சொன்னான். சுவீடன்காரன் பேசுவதை நார்வேக்காரன் புரிந்துகொண்டு, டென்மார்க்குக்காரன் பேசினால் மட்டும் இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொள்வதை நடித்துக் காட்டினான். கையிலிருந்த இட்லி காய்ந்துபோனது.

புடலங்காய் அரிந்துகொண்டிருந்த தர்மவதி மகனையே பார்த்தாள். இந்தச் சிரிப்பு நான் போட்ட சோற்றில் வரவில்லையே என்று நினைத்தாள்.

அவன் கை கழுவப் பின்கட்டுக்குப் போன பிறகு, சந்தனா பூகோளப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, அண்ணன் இருந்த ஊர்ல குளிர்காலத்துல மூணு மணிக்கெல்லாம் இருட்டிடுமாம். அப்ப அண்ணன் எப்ப சாப்டுச்சி?"

"மழ இருட்டா இருக்கும்."

"மழ இல்லம்மா. பொழுதே போயிடும்."

"பொழுது எப்டிடி மூணு மணிக்குப் போவும்? அப்புறம் சூரியனுக்கு இன்னா வேல?"

சந்தனா மூலையிலிருந்த பரங்கிக்காயை எடுத்து, அடுப்பு நெருப்புக்கு நேரே கொஞ்சம் சாய்த்துப் பிடித்து மெல்லச் சுற்றினாள். காயின் நடுவயிற்றில் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. காம்புப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விட்டது. செஞ்சி வயிற்றில் இருக்கிறது, அண்ணன் ஊர் காம்புப் பக்கம் என்றாள். காலையில் ஒன்பது மணிக்கு விடியும், மூன்று மணி அடிப்பதற்கு முன்னாலேயே சூரியன் போய்விடும், அப்புறம் மறுநாள் ஒன்பது மணிவரை ராத்திரிதான் என்று, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனாள்.

தர்மவதி அரிவாள்மனையை மடக்கினாள். மறுபடி விரித்தாள். புடலங்காய் பாதி அரிந்தபடியே கிடந்தது.

அவன் விமானம் ஏறுவதற்கு முந்தின வாரம் திருநாதர் குன்றுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனவள் அவள்தான். பாறையில் செதுக்கிய இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களுக்கு முன்னால் அவனை நிற்கவைத்து, சூரியன் மறைந்த பிறகு ஒரு பருக்கையும் வாயில் வைப்பதில்லை என்று விரதம் எடுக்கச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் யாரும் இருட்டில் சாப்பிட்டதில்லை. விளக்கைத் தேடி வருகிற சின்னஞ்சிறு உயிர் சோற்றில் விழுந்து சாகக் கூடாது என்பது அவர்கள் வழிவழியாகக் காக்கிற நெறி. ஆனாலும் பழக்கம் வேறு, விரதம் வேறு. பழக்கத்தைத் தூரதேசம் தின்றுவிடும். விரதத்தைத் தின்ன முடியாது. அதனால்தான் கேட்டாள்.

 அவன் அப்போது, சூரியன் என்பதற்குப் பதிலாகக் கடிகாரத்தில் ஆறு மணி என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவள் சொன்ன பதில் இப்போது சமையலறைச் சுவரிலிருந்து அவளுக்கே கேட்டது.

'கடிகாரம் இன்னாடா கடிகாரம்? பகவான் வெச்ச கடிகாரம் மேல இருக்குது.'

அவன் மேலே ஒருமுறை பார்த்தான். சரியம்மா என்றான். பாறையில் கை வைத்து விரதம் எடுத்தான்.

அந்த ஊரின் இருட்டு அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. சூரியன் எல்லா ஊருக்கும் ஒரே சூரியன், அது உள்ளூர் ஆசாமி போலக் காலையில் வந்து சாயங்காலம் போகும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். செஞ்சியில் பிறந்து பக்கத்து ஊரான வல்லத்தைத் தாண்டாதவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

மத்தியானச் சாப்பாட்டுக்கு நயினார் வந்தார். லாரியில் மல்லாட்டை லோடு ஏற்றுகிற நாள். திரும்பப் பொழுது போய்விடும், சாயங்காலச் சாப்பாடு வேண்டாம் என்றார். லோடு நாட்களில் வெறும் வயிற்றோடு படுப்பது அவருக்குப் பழக்கம். போகிற போக்கில், அவலூர்பேட்டையில் பெண் இருக்கிறதாம், அடுத்த வாரம் வந்து பார்க்கச் சொல்கிறார்கள் என்று மகன் காதில் விழும்படி சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

குணபாலன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கழுத்துப் பட்டனைப் போட்டபிறகும் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும்.

"போஸ்டாபீஸ் போயிட்டு வரேம்மா. தந்தி குடுக்கணும்."

என்ன தந்தி என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கத் தேவையில்லை என்று அவன் முகத்திலேயே இருந்தது. போகப் போகிறவன் முகம் இல்லை அது. வரமாட்டேன் என்று சொல்லப் போகிறான். அவன் ஏன் அப்படிச் சொல்லப் போகிறான் என்று காலையிலிருந்து அவளுக்குத் தெரியும். விரதத்தை வைத்துக்கொண்டு அங்கே இருக்க முடியாது. விரதத்தை விடவும் அவனால் முடியாது.

ஒரு வார்த்தை போதும். நான் தெரியாமல் கேட்டுவிட்டேன் கண்ணு, எனக்காக எடுத்த விரதம் அங்கே வேண்டாம் என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. சொன்னால் அவன் போய்விடுவான். இன்னொரு குளிர்காலம், அப்புறம் அங்கேயே ஒரு வேலை, அப்புறம் வருடத்துக்கு ஒரு போட்டோ. சொல்லாவிட்டால் அவன் இங்கே இருப்பான். அவலூர்பேட்டைப் பெண் வருவாள். பேரப்பிள்ளைகள் இந்தச் சமையலறையில் தவழும்.

"வெயிலா இருக்குது" என்றாள் தர்மவதி. "குடை எடுத்துட்டுப் போ."

வாசற்படியில் அவன் கொஞ்ச நேரம் நின்றான். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தானோ என்னவோ. பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் அவள் பின்கட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்தாள். செய்ய ஒன்றும் இல்லாமல் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். மதிற்சுவருக்கு அந்தப் பக்கம் சாகிரா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சைக்கிள் கடை ஜகபர் அலியின் மனைவி. இரண்டு பேரும் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் மருமகள்களாக வந்தவர்கள்.

"இன்னாக்கா, குண்டானுக்கு ஓட்ட போடப் போறியா?" என்றாள் சாகிரா.

தர்மவதி நிமிராமல், உங்கள் ஆட்கள் யாராவது மூன்று மணிக்கு இருட்டுகிற ஊரில் இருந்திருக்கிறார்களா என்று கேட்டாள். சாகிராவுக்குக் கேள்வி புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும், தன் கொழுந்தன் கப்பலில் வேலையாக எங்கோ வடக்கே போனபோது நோன்பு மாதம் வந்த கதையைச் சொன்னாள். கோடைகாலம். இரவு பத்து மணி ஆகியும் சூரியன் இறங்கவில்லை. துணைக்கு இருந்த பெரியவர், பயணத்தில் இருப்பவனுக்கு நோன்பு கட்டாயம் இல்லை, ஊர் திரும்பி வைத்துக்கொள் என்று சொல்லிச் சாப்பிடவைத்தாராம்.

"அவன் மவராசனா சாப்ட்டான். ஊருக்கு வந்து விட்ட நோம்ப எல்லாம் வெச்சான், அவங்கம்மாகிட்ட திட்டும் வாங்கினான்" என்று சிரித்தாள் சாகிரா. சிரிப்பு நின்றது. "ஏங்க்கா, உங்கள்ல அந்த மாதிரி ஒண்ணும் கெடையாதா? குணா இப்டி ஆனது அதாலயா?"

தர்மவதி தேய்த்த குண்டானைக் கவிழ்த்துவைத்தாள். சாகிரா சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னாள்.

"புள்ளைகிட்ட பேசுக்கா. ஆம்பளப் புள்ள வயித்தப் பத்தி அம்மாகிட்டதான் சொல்லும். அதையும் சொல்லலன்னா, உனக்கு வலிக்கும்னு சொல்லல."

வெயில் ராஜகிரிக் கோட்டையின் மேல் மஞ்சளாக இறங்கியபோது குணபாலன் வந்தான். குடையைத் திறக்கவே இல்லை போலிருக்கிறது, முகம் கறுத்திருந்தது. ஆணியில் குடையை மாட்டினான். குடுத்துட்டேம்மா என்றான். அவ்வளவுதான்.

அவள் விரும்பியது நடந்துவிட்டது. மகிழ்ச்சி எங்கிருந்தாவது வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

அவனுக்குச் சோறு போட்டாள். சந்தனாவுக்கும் போட்டாள். சந்தனா அவசரமாகத் தின்றுவிட்டுத் தோழி வீட்டுக்குக் கணக்குப் போட ஓடிவிட்டாள். பொழுது மலைக்குப் பின்னால் போக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. தர்மவதி தனக்கு இலை போட்டுக்கொள்ளவில்லை. அவன் எதிரில் உட்கார்ந்து, மூன்று மணிக்கு இருட்டினால் நீ எப்போதடா சாப்பிட்டாய் என்று கேட்டாள்.

அவன் கை சோற்றில் நின்றது. யார் சொன்னது என்று கேட்டான். பரங்கிக்காய் சொன்னது என்றாள்.

அப்புறம் அவன் சொன்னான். அழுது சொல்லவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னான். காலையில் வெளிச்சம் வந்ததும் ரொட்டியும் பாலும். வகுப்புகள் எல்லாம் நடுப்பகலில். பழைய எழுத்துகளைப் படிக்கிற வகுப்பு முடிந்து வெளியே வந்தால் தெருவிளக்கு எரியும். அவ்வளவுதான் அன்றைக்கு. முதல் குளிர்காலத்தில் கூடப் படித்தவர்கள் சாப்பிட அழைத்தார்கள். மெழுகுவத்தி ஏற்றி, பாட்டுப் பாடி, எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் அந்த இருட்டைத் தாண்ட அவர்களுக்கு வழி. அதற்கு நடுவில் இவன் வெறும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பசிக்கவில்லை என்பான். ரொம்பக் கர்வம் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டு மெல்ல மெல்ல அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய வழக்கங்களைப் படிக்கப் போனவன், அவர்கள் சாப்பாட்டு மேசைக்கு வெளியே நின்றே படித்தான்.

"கோடையில நல்லா இருந்துச்சிம்மா. ராத்திரி ஒம்பது மணிக்குக் கூட சாப்டேன். நீ பாத்திருந்தா மயக்கம் போட்டிருப்ப" என்று சிரிக்கப் பார்த்தான்.

இரண்டாவது குளிர்காலத்தில் மயக்கம் போட்டவன் அவன். வகுப்பில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் நினைவில்லாதபோது குழாய் வழியாக ஏதோ ஏற்றினார்கள், அது விரதக் கணக்கில் சேருமா சேராதா என்று இன்னும் தெரியவில்லை என்றான். பேராசிரியர் வந்து விசாரித்துத் தெரிந்துகொண்டார். உன் அம்மாவுக்கு எழுதுகிறேன் என்றார். எழுத வேண்டாம் என்று இவன் கெஞ்சினான். ஊருக்குப் போ, இனி சாப்பிடுவேன் என்று உறுதி சொல்வதானால் மட்டும் திரும்பி வா, இல்லையென்றால் வராதே, ஒரு மாணவனைப் புதைக்க எனக்குத் தெம்பில்லை என்று அனுப்பிவிட்டார்.

"நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா விரதத்த விட்டிருப்பியா?" என்று தர்மவதி கேட்டாள்.

"உங்கிட்ட எடுக்கலம்மா. பகவான் முன்னால எடுத்தது. நீ வேணாம்னு சொன்னா போயிடுமா?" என்றான். சோற்றைக் கிளறிக்கொண்டே, "ஆனா நீ சொல்லியிருந்தா, அத வெச்சி யோசிச்சிருப்பேன்" என்றான்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசியாக என்ன படித்துக்கொண்டிருந்தாய் என்று, பேச்சை மாற்றத்தான் கேட்டாள். அவன் முகம் மாறியது. ஒரு கல்லைப் பற்றிச் சொன்னான். வயலுக்கு நடுவில் நிற்கிற கல். ஆயிரம் வருடத்துக்கு முன்னால், கிழக்கே கப்பலேறிப் போன பிள்ளை திரும்பவில்லை என்று ஒரு தாய் நட்டது. நம் ஊர் நடுகல்லில் செத்தவனைத்தான் முதலில் தேடுவோம். அந்த ஊரில் அப்படி இல்லை. நட்டவர் பெயர்தான் முதலில் இருக்கும். இன்னாள் இந்தக் கல்லை நிறுத்தினாள், தன் மகனுக்காக. பிள்ளையின் பெயர் பின்னால்தான் வரும். அந்தக் கல்லில் பிள்ளை பெயர் இருந்த இடம் உடைந்துபோய்விட்டது. தாயின் பெயர் மட்டும் இருக்கிறது. உடைந்த இடத்தில் என்ன பெயர் இருந்திருக்கும் என்பதைத்தான் அவன் பனியில் மண்டியிட்டு, விரலால் தடவித் தடவிப் படித்துக்கொண்டிருந்தான். பாதியில் விட்டுவிட்டு வந்தான்.

"வேற யாராவது படிச்சிடுவாங்க" என்றான். அப்போதுதான் குரல் உடைந்தது.

அவன் மிச்சச் சோற்றை அவசரமாக உண்டான். கை கழுவி வந்து சுவரோரம் உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே கடைசி வெளிச்சம் போனது. கோட்டை மலை கறுத்துத் தெருவோடு கலந்தது. அக்கம்பக்கத்தில் விளக்குகள் எரிந்தன. வழக்கமாக இந்த நேரத்தில் தர்மவதி சோற்றுப் பானையைக் கவிழ்த்து, அடுப்படியை மெழுகி முடித்திருப்பாள்.

இன்று அவள் எழுந்து லைட்டைப் போட்டாள். இலையை விரித்தாள். பானையில் மிச்சமிருந்த சோற்றை வைத்து மோரை ஊற்றினாள்.

"அம்மா, பொழுது போயிடுச்சி" என்றான் குணபாலன், அவளுக்குத் தெரியவில்லை என்று நினைத்து.

"தெரியும்."

அவள் பிசைந்தாள். பல்பைச் சுற்றி இரண்டு பூச்சிகள் பறந்தன. ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்து, சோற்றில் ஓர் உயிரும் விழவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஒரு கவளம் எடுத்தாள்.  நாற்பது வயதைத் தாண்டிய அந்த உடம்பு இருட்டியபின் சோற்றை அறிந்ததில்லை. வாயில் வைத்தாள்.  கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

"அம்மா, இன்னா பண்ற நீ?"

"மத்தியானம் நீ படியில நின்னப்ப எனக்குத் தெரியும்டா. காலையிலயே தெரியும். நீ இங்கயே கெடக்கட்டும்னு வாய மூடிகிட்டேன். விரதம் காக்கறவ செய்ற வேலையா அது?" இரண்டாவது கவளத்தை எடுத்தாள். "வார்த்தையால உன்ன விடுவிக்க முடியாதுன்னு சொன்ன. சரி. இனிமே உன்னக் கேக்கறதுக்கு எனக்கு யோக்கியதை இல்ல. பாவம்னு ஒண்ணு இருந்தா முதல் பேரு என்னுது. உன்னுது பின்னால வரட்டும்."

அவன் வந்து அவள் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை.

"காலையில போயி இன்னொரு தந்தி குடு. வரேன்னு."

"இன்னிக்கோட முடிஞ்சிதும்மா. எடம் போயிருக்கும்."

"போயிருந்தா போவட்டும். நீ கேக்காம போவக் கூடாது."

மோர் வழிகிற அந்தக் கவளத்தை அவள் அவன் வாய்க்கு நேரே நீட்டினாள். சின்னப் பிள்ளையில் அவன் பசிக்கு அழுதால் பொழுது சாய்வதற்குள் ஊட்டியவள், இப்போது பல்பு வெளிச்சத்தில் நீட்டினாள். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. வாயைத் திறக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ரேழியில் நயினாரின் காலடி வந்து, சமையலறையில் வெளிச்சம் இருப்பதைப் பார்த்து நின்றது. அந்த நேரத்தில் அங்கே விளக்கெரிந்து அவர் ஒருநாளும் கண்டதில்லை. பசித்த வயிற்றோடு வந்தவர், இலையைப் பார்த்தார். மனைவியின் வாயோரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைப் பார்த்தார்.

தர்மவதி நீட்டிய கையை இறக்கவில்லை.